சுவர் விரிசலுக்குப் பூச்சு: 38,000 ரேண்ட் போனது, உஷார்!

கேப் டவுன் ரைலண்ட்ஸில் உள்ள எங்கள் வீட்டின் பின்புறக் கான்கிரீட் தாங்குசுவரைச் சரிசெய்து தருவதாக 38,000 ரேண்ட் வாங்கிய ஒப்பந்தக்காரர், மழைக்காலம் முடிவதற்குள் விரிசல்கள் திரும்பிவிட்டன என்றதும் எங்கள் அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஓர் இணையத்தளம் அனுப்பிய ஆள் அவர். அம்மாவை ஆன்ட்டி என்று வாய் நிறைய அழைத்து, தேநீர் குடித்து, சிறு சுத்தியலால் சுவரைத் தட்டிப் பார்த்து, "வெறும் மேல்விரிசல், அடைத்துப் பூசினால் பத்து வருடத்துக்குக் கவலையில்லை" என்று அவர் நிதானமாகச் சொன்னதில் அம்மா நம்பி, அன்றே முழுத்தொகையையும் அனுப்பிவிட்டார். விரிசல் ஓரத்தில் வெண்மையாகக் கசிந்து காய்ந்திருந்த பசையை அவர் நகத்தால் சுரண்டித் தட்டிவிட்டதை நானே பார்த்தேன். அந்தப் பசைதான் நோயின் அடையாளம்.

சுவரில் துளையிட்டு உருளை வடிவக் கான்கிரீட் துண்டு எடுத்துச் சோதித்த பொறியாளர் சொன்னது இது: சிமெண்டிலுள்ள சோடியம், பொட்டாசியம் காரங்கள் ஜல்லியிலுள்ள சிலவகைச் சிலிக்காவோடு வினைபுரிந்து ஒரு பசையை உண்டாக்குகின்றன, அது ஈரத்தை உறிஞ்சி உப்பி, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. 1940இல் கலிபோர்னியாவில் பொறியாளர் தாமஸ் ஸ்டான்டன் விளக்கிய இந்தக் கார-சிலிக்கா வினை, மால்ம்ஸ்பரி ஹார்ன்ஃபெல்ஸ் என்ற பாறையை உடைத்த ஜல்லி போட்ட கேப் பகுதிக் கட்டடங்களில் 1970களிலிருந்தே அறியப்பட்டது. எங்கள் சுவரிலும் அதே கருநீல ஜல்லிதான். இந்த ஊரிலேயே கான்கிரீட் வேலை செய்து பிழைப்பவருக்கு இது தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? பின்புற மண்ணிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்க, அது வெளியேற வழியில்லாதபடி முன்பக்கத்தை அவர் ரப்பர் பெயிண்டால் மூடியது சேதத்தைக் கூட்டியிருக்கிறது.

முதலில் "மழை நிற்கட்டும்" என்றார், அடுத்து "உங்கள் மண் அசைகிறது" என்றார், பிறகு பேச்சே இல்லை. இணையத்தளமோ, ஆளை அறிமுகப்படுத்துவது மட்டுமே தங்கள் வேலை என்றும் புகார் கொடுக்கும் காலம் கடந்துவிட்டது என்றும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த 38,000 ரேண்ட் ஐயா அது!

வலைபோல விரிசல் தெரிந்தால் பூச்சுக்காரரை அழைக்காமல் முதலில் உருளை எடுத்துச் சோதியுங்கள். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரை வடியவிடுங்கள். பூசுவதானால் தண்ணீரைத் தடுத்து ஆவியை மட்டும் வெளியேறவிடும் சிலேன் என்ற பூச்சு வகையைக் கேளுங்கள். முழுப் பணத்தை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள்.