கடற்கரை மணலில் பனிச்சரிவுப் பயிற்சி: எப்படி இருக்கிறது?

காஷ்மீரின் குல்மார்க் போன்ற இடங்களுக்குப் பனிச்சறுக்குக்காகச் செல்வோருக்கு, பனிச்சரிவில் புதைந்தவரைச் சமிக்ஞை மூலம் கண்டறிய உதவும் டிரான்ஸீவர், பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட கம்பியான புரோப், தோண்டுவதற்கான மண்வாரி ஆகிய மூன்றையும் வாடகைக்குத் தந்து, அவற்றைக் கையாளவும் ஒரே காலைப்பொழுதில் கற்றுத்தரும் சேவை ஒன்று சென்னையில் இருக்கிறது. பயிற்சிக் களம் பெசன்ட் நகர்க் கடற்கரை என்றதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஆனால் தேடுதல் பயிற்சியில் குறை சொல்ல இடமில்லை. 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சமிக்ஞை அனுப்பும் டிரான்ஸீவரை பிளாஸ்டிக் டப்பாவில் மூடி மணலில் புதைத்துவிட்டு, நேரத்தைக் கணக்கிட்டுத் தேடச் சொல்கிறார்கள். சட்டைப்பையில் கைப்பேசியோடு தேடிய ஒருவரின் கருவியில் தூரத்தைக் காட்டும் எண்கள் தாறுமாறாகக் குதித்தன. கைப்பேசியை அணைத்ததும் சீராயின. புதையுண்ட இடத்திற்கு மூன்று மீட்டருக்குள் வந்ததும் கருவியைத் தரையோடு ஒட்டிப் பிடித்துக் குறுக்கும் நெடுக்குமாக நகர்த்துவது, மிகச் சிறிய எண் காட்டும் இடத்தில் புரோப்பை இறக்குவது, ஏதேனும் தட்டுப்பட்டால் புரோப்பைப் பிடுங்காமல் சரிவின் கீழ்ப்புறத்திலிருந்து உள்நோக்கித் தோண்டுவது என ஒவ்வொன்றையும் கை பழகும்வரை செய்ய வைத்தார்கள். முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குப் பின் உயிர் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும் என்பதால் இந்தக் கண்டிப்பு தேவைதான்.

என் மனக்குறை வேறு. இந்த மூன்று கருவிகளும் விபத்து நடந்த பிறகுதான் உதவும்; விபத்தைத் தவிர்ப்பதற்கான பாடமோ அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பனி அடுக்கு ஒன்று பலகைபோல் மொத்தமாகப் பெயர்ந்து சரியும் பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில்தான் நிகழ்கின்றன என்பதையும், அவற்றில் சிக்குவோரில் பெரும்பாலோர் தாங்களோ தங்கள் குழுவினரோ கிளப்பிவிட்ட பனிச்சரிவிலேயே சிக்குகிறார்கள் என்பதையும் சொன்னவர்கள், சரிவின் கோணத்தை அளக்கக் கற்றுத்தரவில்லை. காற்று கொண்டுவந்து குவித்த பனி, அடியிலுள்ள வலுவற்ற அடுக்கின் மேல் பலகைபோல் உட்கார்ந்திருப்பதும், காலடியில் 'வும்' என்ற ஓசையோடு பனி அமுங்குவது அந்த அடுக்கு உடைவதன் அறிகுறி என்பதும் ஒரே படத்தோடு கடந்துபோயின. குல்மார்க்கின் அஃபர்வத் மலையின் மேற்பகுதிவரை ரோப்கார் ஏற்றிவிடுவதால், அனுபவமில்லாதவரும் எளிதில் ஆபத்தான சரிவின் உச்சியில் நின்றுவிடலாம். அப்படிப்பட்டவர்களுக்கு, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் சண்டிகர் ஆய்வகம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கைகளைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாததை என்னால் ஏற்க முடியவில்லை.

வாடகைக் கருவிகள் நல்ல நிலையில் உள்ளன. மண்வாரியின் தகடும் பிளாஸ்டிக் அல்ல, உலோகம். என் டிரான்ஸீவரில் மட்டும் ரீசார்ஜ் பேட்டரிகள் இருந்தன. அவற்றைப் போட்டால் மீதமுள்ள சக்தியின் அளவைக் கருவி தவறாகக் காட்டக்கூடும். சொன்னதும் முகம் சுளிக்காமல் புதிய ஆல்கலைன் பேட்டரிகளை மாற்றிக் கொடுத்தார்கள். நீங்களும் முன்பணம் கட்டுவதற்கு முன் மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.