பூனைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர்கள்: ஹவுஸ் சிட்டிங் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஹவுஸ் சிட்டிங் போகிறவர்களும், போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வீட்டுக்காரர்கள் வெளியூர் போகும்போது நாம் அவர்கள் வீட்டில் தங்கி, அவர்கள் வளர்க்கும் நாயையோ பூனையையோ பார்த்துக்கொள்கிற ஏற்பாடு இது. இப்படிப் போய்த் தங்குகிறவரைத்தான் சிட்டர் என்கிறார்கள். பெரும்பாலும் பணம் கைமாறாது. அவர்களுக்குப் பொறுப்பான ஆள் கிடைக்கிறது, நமக்குத் தங்க இடம் கிடைக்கிறது. இரு தரப்பும் ஒருவர் சொல்வதை ஒருவர் நம்பித்தான் இது நடக்கிறது. அந்த நம்பிக்கையை வைத்தே ஒரு குடும்பம் என்னை ஏமாற்றியது. போனது என் பணம் மட்டும் என்றால் இவ்வளவு எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஒரு பூனையின் உயிரே போயிருக்கும்.

ஹவுஸ் சிட்டிங்குக்கான இணையதளத்தில் அவர்கள் போட்ட விளம்பரத்தில் இருந்தது ஒரே ஒரு கடுவன் பூனை. சாது, முழு ஆரோக்கியம், பார்த்துக்கொள்வது மிகச் சுலபம் என்று போட்டிருந்தார்கள். வீடியோ காலில் பேசும்போது நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். நோய் ஏதாவது உண்டா, மருந்து கொடுக்கிறீர்களா, முன்பு எப்போதாவது ஆஸ்பத்திரியில் சேர்த்ததுண்டா? "ஒன்றுமே கிடையாதுங்க, எதை வைத்தாலும் சாப்பிடும்" என்றார் வீட்டுக்காரர். அதையே வாட்ஸாப்பிலும் எழுதிக் கேட்டு, இல்லை என்ற பதிலையும் வாங்கினேன். அந்தச் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் பெட்டி படுக்கையோடு வாசலில் நின்றார்கள். சாவியைக் கையில் கொடுத்தார்கள், பூனை எந்த அறையில் இருக்கிறது என்று சொன்னார்கள், அவ்வளவுதான். உள்ளே போனால் யாரோ படுத்து எழுந்த விரிப்பு அப்படியே கிடந்தது. ஃபிரிட்ஜில் ஒரு பாத்திரம் வைக்க இடமில்லை. துணி வைக்க அலமாரியில் ஒரு தட்டுகூடக் காலி செய்யவில்லை. சரி, கிளம்புகிற அவசரம் என்று நானே எல்லாவற்றையும் துடைத்து, துவைத்து, ஒழுங்கு செய்துகொண்டேன். இதற்காகச் சண்டை போடுகிற ஆள் இல்லை நான். ஆனால் ஹாலில் ஒரு கேமரா இருந்தது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டதற்கு, "அது ரொம்ப நாளாக ஓடவில்லை" என்று பதில் வந்தது. அடுத்த நாளே, "ராத்திரி ஏன் அவ்வளவு நேரம் விளக்கு எரிந்தது?" என்று செய்தி. வாசலுக்கு வெளியே கேமரா இருந்தால் எந்த சிட்டரும் முகம் சுளிக்க மாட்டார். ஒருவர் உட்கார்ந்து, சாப்பிட்டு, தூங்குகிற இடத்தில் சொல்லாமல் வைத்துவிட்டு, அது ஓடவில்லை என்று பொய்யும் சொல்வது வேறு விஷயம். இங்கேயே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் பூனையை விட்டுவிட்டு எங்கே போவது?

அப்புறம் ஒரு நாள் மாலை, பூனை திரும்பத் திரும்ப மணல் பெட்டிக்குப் போக ஆரம்பித்தது. குந்தி உட்காரும், முக்கும், ஒன்றும் வராது. வெளியே வந்து அடியில் நக்கும், ஒரு மாதிரி அடித்தொண்டையில் கத்தும், மறுபடி உள்ளே போகும். மலச்சிக்கல் என்று பலர் நினைத்துவிடுவது இதைத்தான். கடுவன் பூனைகளுக்குச் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகலானது. சிறுநீரில் சேரும் நுண்ணிய படிகங்களும் சளி போன்ற கசடும் அங்கே அடைத்துக்கொண்டால் சிறுநீர் வெளியே வராது. கழிவு ரத்தத்திலேயே தேங்கும், பொட்டாசியம் ஏறும், சிறுநீரகம் கெடும், கடைசியில் இதயத்துடிப்பு தடுமாறும். கவனிக்காமல் விட்டால் ஓரிரண்டு நாளில் உயிர் போய்விடலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற பிரச்சினையே இல்லை இது. கடுவன் பூனையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் எல்லோரும் இந்த ஒன்றையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரருக்கு மாறி மாறிப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. அவர் மனைவிக்கும் அடித்தேன், செய்தியும் அனுப்பினேன். பதில் இல்லை. அவசரத்துக்கு என்று கொடுத்திருந்த பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சாதாரணமாக, "ஐயோ, மறுபடியும் அடைப்பா?" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. போன தடவை இப்படி ஆனபோது எந்த ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள் என்பதும் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவர்தான் எனக்கு வழி சொன்னார். அவர் மட்டும் போனை எடுக்காமல் இருந்திருந்தால் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பழைய பதிவு இருந்தது. முன்பே அடைப்பு வந்து குழாய் போட்டிருக்கிறார்கள். இனி இந்தப் பூனைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த தனி உணவுதான், வேறெதுவும் கூடாது என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "எதை வைத்தாலும் சாப்பிடும்" என்று என்னிடம் சொன்னது இந்தப் பூனையைப் பற்றித்தான்! எனக்கு வைத்துவிட்டுப் போன பையில் இருந்தது சாதாரணப் பூனை உணவு. உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் சிகிச்சையைத் தொடங்க அவர்களும் தயங்கினார்கள், முன்பணமும் கேட்டார்கள். காத்திருக்க நேரமில்லை. நானே கையெழுத்துப் போட்டு, நானே பணமும் கட்டினேன். மயக்கம் கொடுத்து, குழாய் போட்டு, டிரிப் ஏற்றி, அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். பூனை பிழைத்துக்கொண்டது.

வீட்டுக்காரர் கூப்பிட்டது மறுநாள்தான். முதலில் கேட்டது பூனையைப் பற்றி இல்லை. "எங்களைக் கேட்காமல் ஏன் கூட்டிப்போனீர்கள்?" என்றார். அத்தனை மிஸ்டு கால் அவர் போனிலேயே இருந்தது. முன்பே வந்த நோயை ஏன் மறைத்தீர்கள் என்று நான் கேட்டபோது, பக்கத்திலிருந்த அவர் மனைவி போனை வாங்கி, "சொல்லியிருந்தால் யார் வந்திருப்பார்கள்?" என்றார். தெரிந்தேதான் மறைத்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது பேச்சு மாறியது. நான் வேறு ஏதோ கொடுத்ததால்தான் பூனைக்கு இப்படி ஆனது என்றார்கள். நான் விடாமல் கேட்டதும், மோசமான ரிவ்யூ போட்டு இனி எந்த வீடும் கிடைக்காமல் செய்துவிடுவோம் என்றார்கள். இந்த ஏற்பாட்டில் ரிவ்யூதான் சிட்டரின் பிழைப்பு என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பல பேர் இந்தப் பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டு போய்விடுகிறார்கள், அதே வீட்டில் அடுத்து வருகிறவர் மாட்டிக்கொள்கிறார். சில தளங்களில் இரு தரப்பும் எழுதி முடிக்கும்வரை ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணில் படாது. அப்படிப்பட்ட இடத்தில் பயப்படாமல் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

யார் வந்திருப்பார்கள் என்ற அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. நான் வந்திருப்பேன். இதற்கு முன் சர்க்கரை நோய் உள்ள ஒரு கிழட்டு நாயைப் பார்த்துக்கொண்டேன். தினமும் 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை இன்சுலின், அதுவும் சாப்பிட்ட பிறகுதான். அந்த வீட்டு அம்மா விளம்பரத்திலேயே எல்லாவற்றையும் எழுதியிருந்தார். முந்தின நாளே வரச்சொல்லி, ஊசி போடுவதை எதிரில் நின்று காட்டி, என்னையும் போடவைத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கி நாய் தள்ளாடினால் ஈறில் தேன் தடவிவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். எவ்வளவு செலவானாலும் சிகிச்சை செய்யலாம் என்று ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். மாற்று விரிப்பு கட்டிலில் மடித்து வைத்திருந்தது. நான் போனதிலேயே கவலையில்லாமல் தூங்கிய வீடு அது. நோயுள்ள பிராணிக்கு யாரும் வரமாட்டார்கள் என்பதெல்லாம் சும்மா பேச்சு.

அதனால் புதிதாகப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். நோய் உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள். இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். எந்த டாக்டரிடம் காட்டுகிறீர்கள், கடைசியாக எதற்காகப் போனீர்கள், நீங்கள் போன் எடுக்காவிட்டால் சிகிச்சைக்கு யார் சம்மதம் கொடுப்பது, பணம் யார் கட்டுவது என்று கேளுங்கள். சம்மதக் கடிதம் கைக்கு வந்த பிறகு சாவியை வாங்குங்கள். வீட்டுக்குள் கேமரா எங்கே இருக்கிறது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்டால் நல்ல வீட்டுக்காரர்கள் கோபப்படுவதில்லை, நிம்மதியடைகிறார்கள். மழுப்புகிறவர்களை விட்டுவிட்டு வேறு வீடு பாருங்கள்.

வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் சிட்டர்கள் மேல் மனக்குறை உண்டு என்று எனக்குத் தெரியும். பூனையைத் தனியே விட்டுவிட்டு ஊர் சுற்றப்போன சிட்டர்களும், கேட்காமல் நண்பர்களைக் கூட்டிவந்தவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அதற்காக எங்களிடம் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், பழைய வீடுகளில் விசாரியுங்கள். பிராணியைப் பற்றி மட்டும் பொய் சொல்லாதீர்கள். தனக்கு என்ன செய்கிறது என்று அதனால் சொல்ல முடியாது.

என் பணம் இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரி ரசீதுகளையும் அந்த வாட்ஸாப் செய்திகளையும் தளத்துக்கு அனுப்பிப் புகார் கொடுத்திருக்கிறேன். அதே குடும்பம் அடுத்த விடுமுறைக்கு மறுபடி ஆள் தேடுகிறது. விளம்பரத்தில் "முழு ஆரோக்கியம்" என்ற சொல் அப்படியே இருக்கிறது. ஒரு கடுவன் பூனை, மிகச் சுலபம் என்று யாராவது உங்களைக் கூப்பிட்டால், எந்த வீடாக இருந்தாலும் சரி, சிறுநீர் அடைப்பு எப்போதாவது வந்ததா என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.