நேரம் குறித்த கட்டளையா, இலக்கு மட்டும் போதுமா?

விண்கலம் எந்த அளவுக்குத் தானாக இயங்குகிறது என்பதை ஈசிஎஸ்எஸ் என்ற ஐரோப்பிய விண்வெளித் தரநிலை இ1 முதல் இ4 வரை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. நான் ஒப்பிட விரும்புவது இ2-வையும் இ4-ஐயும்.

இ2-வில் கட்டளைகளுக்கு நேரம் குறித்துத் தரைநிலையம் முன்கூட்டியே அனுப்பிவிடும். எது எப்போது நடக்கும் என்று தெரியும், சோதிப்பது எளிது. ஆனால் கீழே மேகம் மூடியிருந்தாலும் கலம் படம் எடுத்துக்கொண்டுதான் இருக்கும்.

இ4-இல் இலக்கைச் சொன்னால் போதும், திட்டத்தைக் கலமே போடும். நாசாவின் இஓ-1 செயற்கைக்கோள் 2004-இல் அண்டார்க்டிகாவின் எரிபஸ் எரிமலையைப் படமெடுத்தது. படத்தைத் தன் கணினியிலேயே அலசி, வெப்பத்தைக் கண்டுகொண்டு, சில மணி நேரத்தில் அதே இடத்தை மறுபடி எடுக்கும்படி திட்டத்தை மாற்றியது. யாரும் கட்டளை அனுப்பவில்லை! எரிமலை தரைநிலைய அட்டவணைக்காகக் காத்திருக்காது, அதனால் இது பெரிய விஷயம்.

சரி, ஆபத்து? 1999-இல் நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தில், கலத்தைத் தானாக இயக்கும் ரிமோட் ஏஜென்ட் மென்பொருளைச் சோதித்தபோது, இரு நிரல்பகுதிகள் ஒன்றுக்காக ஒன்று காத்து அப்படியே நின்றுவிட்டன. தரைச் சோதனைகளில் தலைகாட்டாத பிழை அது.

அதனால் சுற்றுப்பாதை மாற்றத்துக்கு இ2-வையும், எரிமலை, வெள்ளம் போன்றவற்றைக் கண்காணிக்க இ4-ஐயும் தேர்ந்தெடுப்பேன்.