அகன்ற பட்டி உள்பாவாடை: சொரியாசிஸ் உள்ளவரின் மதிப்பீடு

சொரியாசிஸ் உள்ளவர்களுக்குத் தோலில் சிறு கீறல் விழுந்தாலும், ஒரே இடத்தில் தொடர்ந்து உராய்வு ஏற்பட்டாலும், அதுவரை நன்றாக இருந்த அந்த இடத்திலேயே புதிய தடிப்பு எழக்கூடும். ஜெர்மானியத் தோல் மருத்துவர் ஹைன்ரிஷ் கோப்னர் 1872-இல் எடுத்துரைத்த இவ்விளைவு வெண்புள்ளி, லைக்கன் பிளானஸ் (அரிப்புடன் தடிப்பு எழும் ஒரு தோல் நோய்) ஆகியவற்றிலும் காணப்படுகிறது. பெரும்பாலும் 10 முதல் 20 நாள் கழித்தே தடிப்பு தெரியும் என்பதால் காரணம் எளிதில் பிடிபடுவதில்லை. நாடா இறுகும் கோட்டிலேயே என் இடுப்பைச் சுற்றிச் செதிலும் சிவப்புமாகத் தடிப்பு வந்தபோது, பாவாடையை மாற்றச் சொன்னவர் தோல் மருத்துவர்தான்.

அதன்பின் இணையத்தில் வாங்கிய, நாடாவுக்குப் பதில் நான்கு விரல் அகலப் பட்டி வைத்த பருத்தி உள்பாவாடை இது. பட்டியை இரட்டைத் துணியில் தைத்து, பிசிறை உள்ளே மடித்து மறைத்திருக்கிறார்கள்; எலாஸ்டிக் துணிக்குள்ளேயே ஓடுவதால் தோலில் படுவதில்லை. கொசுவத்தின் கனத்தை ஒரே கோட்டில் இழுத்துப் பிடிக்காமல் பட்டி முழுவதும் தாங்குவதால், நாள் முழுதும் வகுப்பில் நின்றுவிட்டு வந்து அவிழ்க்கும்போதுகூட இடுப்பில் பள்ளமாகத் தடம் விழுவதில்லை. நூல் புடவைக்கு இது கச்சிதம். கனமான பட்டுக்குச் சற்று இறங்குகிறது. அதற்காக ஊக்குக் குத்தினால், ஊக்கு கீறிய இடமே அடுத்த தடிப்பாகலாம்.

‘சருமத்துக்கு உகந்தது’ என்று விளம்பரம் செய்பவர்கள், கொக்கியின் உலோகப் பின்புறத்தை வெறுமனே விட்டிருப்பது பெருங்குறை; அங்கே மெல்லிய துணித் துண்டு ஒன்றை வைத்துத் தைத்த பிறகே உடுத்தினேன். அளவுச் சீட்டையும் கத்தரித்தால் போதாது, எஞ்சும் முனை குத்தும். தையலைப் பிரித்தே எடுக்க வேண்டும்.

தடிப்பு தணிந்தது மருத்துவர் தந்த களிம்பால்தான். அது மீண்டும் அதே கோட்டில் எழாததில் பாவாடைக்கும் பங்குண்டு என்று நம்புகிறேன். இடுப்பில் வருவது வியர்வை ஈரத்தில் வளரும் பூஞ்சைத் தொற்றான படர்தாமரையாகவும் இருக்கலாம். அதற்கு மருந்துக்கடையில் தாமாகவே ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவினால் நிலைமை மோசமாகும் என்பதால், முதலில் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

சாதாரணப் பாவாடையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விலை என்றாலும், நாடா படும் இடத்தில் தொல்லை உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். உற்பத்தியாளர்கள் இன்னொரு வரிசைக் கொக்கியும் வைத்தால், சாப்பிட்டபின் ஒரு பிடி தளர்த்திக்கொள்ள வசதியாக இருக்கும்.