நிக்கான் 200-500 லென்ஸ்: மூணு வருஷம் வால்பாறையில தூக்கிட்டு அலைஞ்ச அனுபவம்

நிக்கான் டி500 கேமரா பாடில மூணு வருஷமா இந்த 200-500 மி.மீ. ஜூம் லென்ஸ்தான் மாட்டியிருக்கேன், பெரும்பாலும் ஆழியார், வால்பாறை பக்கம்தான் சுத்தறது. வாங்கலாமான்னு யோசிக்கறவங்களுக்கு உதவும்னு எழுதறேன்.

முதல்ல வெயிட்டு. டிரைபாட்ல மாட்டற காலரோட 2.3 கிலோ, பாடியும் சேர்ந்தா 3 கிலோவ தாண்டிடும், கைலயே பிடிச்சு பத்து நிமிஷம் நின்னா இடது தோள் விட்டுப்போகும். அதனால கார் கண்ணாடிய இறக்கி, அரிசி நிரப்பி தைச்ச துணிப்பை ஒண்ண அது மேல போட்டு லென்ஸ அதுல அமுக்கி வெச்சுடுவேன். டிரைபாட விட இதுதான் எனக்கு ஒத்து வருது, இறங்கவே வேண்டாம் பாருங்க.

இறங்காம இருக்கறதோட அருமை வரையாடு கிட்டதான் தெரிஞ்சுது. வால்பாறை ஏற மொத்தம் 40 கொண்டை ஊசி, 9வது வளைவு வியூ பாயிண்ட் தாண்டி ஒரு காலைல பாறை விளிம்புல தாயும் குட்டியும் நின்னுச்சு. நான் இஞ்சின ஆஃப் பண்ணிட்டு அப்படியே உக்காந்துட்டேன். ஜூம 500-ல வெச்சா, டி500-ல சென்சார் சின்னதுங்கறதால 750 மி.மீ. லென்ஸ் மாதிரி கிட்டத்துல தெரியும், அதனால கிட்ட போகணும்னே தோணல. தாய் ஒரு தடவ நிமிர்ந்து பாத்துச்சு, அப்புறம் மேய ஆரம்பிச்சுடுச்சு, குட்டி அது வயித்துக்கு அடில முட்டி முட்டி பால் குடிச்சுது. பின்னாடி வந்த கார்ல இருந்து நாலு பேர் மொபைலோட இறங்கி ஓடினாங்க, ரெண்டும் பாறைக்கு அந்தப்பக்கம் போயிடுச்சு. எனக்கு வயிறெரிஞ்சுது.

வால்பாறை பக்கத்துல இருக்கற புதுத்தோட்டத்துல சிங்கவால் குரங்கு கதையே வேற. அதுங்க ரோட்டோரம் வரைக்கும் வந்துடும், 200-ல கூட ஃபிரேமுக்குள்ள அடங்காது, 2.2 மீட்டருக்கு உள்ள வந்தா ஃபோகஸே ஆகாது, அப்ப நாமதான் பின்னாடி போகணும், கூட ஒரு சின்ன லென்ஸ் இருந்தா நல்லது. ஒரு பெரிய ஆண், பலாக்காய பிளந்து வெச்சுக்கிட்டு ஒவ்வொரு கொட்டையா நோண்டிச்சு, கறுத்த விரல்ல வெள்ளையா பலாப்பால் ஒட்டி நூல் நூலா இழுத்தது வரைக்கும் படத்துல தெரியுது. அது மரநிழல், 1/125 செகண்ட் ஷட்டர்ல கைலயே எடுத்தது, விஆர் (கை ஆட்டத்த சமாளிக்கற வசதி) அந்தளவுக்கு தாங்குது. தயவுசெஞ்சு அதுங்களுக்கு சிப்ஸ் போடாதீங்க, பழகிட்டா ரோட்டுலயே உக்காந்துக்கும், வண்டில அடிபடும்.

லென்ஸ் அதிகபட்சமா திறக்கறதே எஃப் 5.6 தான், வெளிச்சம் கம்மியாதான் உள்ள வரும்ங்கறதால சோலைக்குள்ள காலைல 6 மணிக்கு ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான சென்சிட்டிவிட்டி) 6400 போனாதான் எடுக்க முடியும், படத்துல புள்ளி புள்ளியா கிரெயின் வரும், நான் அத ஏத்துக்கிட்டேன். ஆனா 200-லருந்து 500 வரைக்கும் அதே 5.6 நிக்குது பாருங்க, அது பெரிய விஷயம்.

2015-ல வந்த லென்ஸ், செகண்ட் ஹேண்ட்ல நிறைய கிடைக்குது. கடைக்காரர் புதுசு மாதிரின்னு சொன்னா நம்பி காசு கட்டிடாதீங்க. எனக்கு முதல்ல ஒரு கடையில குடுத்ததுல கண்ணாடிக்கு உள்ள சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ் (பூஞ்சை), வீட்டுக்கு வந்துதான் பாத்தேன், திருப்பி வாங்க வைக்கறதுக்குள்ள ரெண்டு வாரம் போச்சு. மொபைல் டார்ச்ச பின்பக்கமா அடிச்சு முன்னாடி கண்ணாடி வழியா பாருங்க, அங்கயே தெரிஞ்சுடும். மலைக்குப் போயிட்டு வந்தா ஈரத்தோட பைல மூடி வைக்காதீங்க, டிரை பாக்ஸ் (ஈரம் ஏறாம வைக்கற பெட்டி) இல்லன்னா காத்துப்போகாத டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, போதும்.