திட ஃபைபரா, நுரை வைத்த ஃபைபரா?

நெல்லை மாவட்டத்து உவரி, கூத்தங்குழி கரைகளில் படகை மணலில் இழுத்துத்தான் ஏற்றுகிறோம். பாய்மரப் படகுக்கு எந்த ஃபைபர் (பிசினில் தோய்த்த கண்ணாடி இழை) அடுக்கு, முழுதும் திடமானதா, நடுவில் நுரைப்பலகை வைத்ததா என்று பார்க்கும்போது அந்த மணலை மறக்கவே கூடாது.

ஒரே அளவு கண்ணாடி இழையில் இரண்டு பட்டை செய்து, இரு முனையையும் தாங்கி, நடுவில் எடையைத் தொங்கவிடுங்கள். திட ஃபைபர் நன்றாக வளையும்; நுரைப்பலகை நடுவில் வைத்தது விறைத்து நிற்கும். பட்டையின் தடிமன் இரட்டித்தால் விறைப்பு 8 மடங்காகும் என்பது கணக்கு. நுரை அந்தத் தடிமனை அதிக எடையில்லாமல் தருகிறது.

அடுத்து சுத்தியலால் ஓர் அடி. திட ஃபைபரில் அடிபட்ட இடம் வெளுத்துக் காட்டிக்கொடுக்கும். மற்றதில் மேல்தோல் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நுரை பிரிந்திருக்கலாம். பிரிந்த இடத்தை நாணயத்தால் தட்டினால் சத்தம் மந்தமாகக் கேட்கும். எனக்குப் பயம் இதில்தான்.

மணலில் இழுபடும் அடிப்பகுதிக்குத் திட ஃபைபர், மேல்தளத்துக்கு நுரை என்பேன்.