ஆர்எம்எஸ்எஸ்டியா, எல்எஃப்/எச்எஃப் விகிதமா?

நாடி நிமிடத்துக்கு 60 என்றால் துடிப்புகள் செக்கனுக்கு ஒன்றாகச் சீராக விழுகின்றன என்று பொருளில்லை. மூச்சை இழுக்கையில் இடைவெளி குறுகும், விடுகையில் நீளும். இந்த மாறுபாட்டைக் கொண்டு தன்னியக்க நரம்புத் தொகுதியின் போக்கை ஊகிக்க, கைபேசிச் செயலிகள் பெரும்பாலும் இரண்டு எண்களைக் காட்டுகின்றன.

முதலாவது ஆர்எம்எஸ்எஸ்டி (RMSSD): அடுத்தடுத்த இடைவெளிகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதன் அளவு. அடுத்தடுத்த இடைவெளிகள் 820, 870, 810 மில்லிசெக்கன் என்றால் வேறுபாடுகள் 50, 60. அவற்றின் வர்க்கங்களுடைய சராசரிக்கு வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 55 வரும். இதயத்தை மெதுவாக்கும் பரபரிவு நரம்பான வேகஸ் ஒரு செக்கனுக்குள்ளேயே துடிப்பை மாற்றிவிடும். இதயத்தை விரைவாக்கும் பரிவு நரம்பின் விளைவு தெரியப் பல செக்கன்கள் பிடிக்கும். ஆகவே, அடுத்தடுத்த துடிப்புகளுக்கிடையிலான வேறுபாடு பெரும்பாலும் வேகஸின் கைவரிசையே.

இரண்டாவதான எல்எஃப்/எச்எஃப் (LF/HF) விகிதம், இடைவெளியின் ஏற்ற இறக்கத்திலுள்ள 0.04–0.15 ஹேர்ட்ஸ் மெதுவான அலைகளின் (எல்எஃப்) வலிமையை 0.15–0.4 ஹேர்ட்ஸ் விரைவான அலைகளின் (எச்எஃப்) வலிமையால் வகுப்பது. பரிவு, பரபரிவு நரம்புகளின் சமநிலையை இது காட்டும், விகிதம் கூடினால் பரிவு ஓங்கியிருக்கிறது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஹட்டனில் ஒருவர் கோவில் மண்டபத்தில் அமர்ந்து, நிமிடத்துக்கு 15 ஆக இருந்த மூச்சைப் பிராணாயாமத்தால் 6 ஆகக் குறைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூச்சோடு வரும் ஏற்ற இறக்கம் 0.25 ஹேர்ட்ஸிலிருந்து 0.1 ஹேர்ட்ஸுக்கு இறங்கி எல்எஃப் பக்கம் போய்ச் சேர, விகிதம் எகிறிவிடும். மனம் அடங்கி உட்கார்ந்திருப்பவரை ‘மன அழுத்தத்தில் இருக்கிறார்’ என்று செயலி சொல்வது வேடிக்கைதான்.

ஆகவே ஆர்எம்எஸ்எஸ்டியைத் தேர்ந்தாலும், அளக்கும் கருவியின் சிக்கல் தீராது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் பனிக் காலையில் கைத்தோலின் குருதிக்குழாய்கள் சுருங்கிக்கொள்வதால், தோலின் குருதியோட்டத்தைக் கொண்டு துடிப்பை அளக்கும் கைக்கடிகாரத்தின் பச்சை ஒளிக்குக் கிடைக்கும் சமிக்ஞை நலிந்துவிடுகிறது. ஒரு துடிப்பு தவறினால் 800 என்ற இடைவெளி 1,600 ஆகி, ஆர்எம்எஸ்எஸ்டி முழுவதும் பாழாகும். கொழுந்து பறிக்கும் கையில் கட்டிய கடிகாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதயத்தின் மின்சமிக்ஞையை நேரடியாக வாங்கும் மார்புப்பட்டியே இங்கே மேல். அதன் மின்வாய்களை மட்டும் நனைத்துக்கொள்ள வேண்டும். கம்பளிக்குள் உறங்கும் இரவில் கடிகாரமும் போதும்.

விழித்ததும், பிளேன்டீ குடிக்கும் முன்னர், நாள்தோறும் ஒரே இருக்கை நிலையில் அளந்து, தம்முடைய பழைய எண்களோடு மட்டும் ஒப்பிட வேண்டும். ஆயினும் எண் உயர்ந்தாலே நல்லதென்று எண்ணிவிடக்கூடாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போன்ற தாளம் தப்பிய துடிப்பிலும் ஆர்எம்எஸ்எஸ்டி பெரிதாகவே வரும். திடீரென உயர்ந்த எண்ணோடு படபடப்பும் சேர்ந்தால் செயலியை மூடிவிட்டு வைத்தியசாலையில் இசிஜி எடுத்துக்கொள்ள வேண்டும்.